மூணு பக்கம் படிக்கிற நேரம்

ஜனவரி 14

அன்புள்ள அண்ணி,

பெட்டியைத் திறந்ததும் முதல்ல குழாய்களை எடுத்து ஃப்ரீசர்ல வைங்க. அப்புறமா உக்காந்து இதைப் படிங்க. நீங்க அப்படித்தான் செய்வீங்கன்னு தெரியும். நானா இருந்தா கடிதத்தைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள ஐஸெல்லாம் தண்ணியாகிக் கிடக்கும்.

நீங்க கேட்ட மாதிரியே இந்தத் தடவை ஒரே மூச்சுல நிறைய பண்ணிட்டேன். பன்னிரண்டு குழாய். எல்லாமே முழு டிஎன்ஏ வளையம், எங்கயும் அறுந்தது கிடையாது. இனிமே ‘டிஎன்ஏ தீந்துபோச்சு, உடனே அனுப்பு’ன்னு ஆறு மாசத்துக்கு என் உயிரை வாங்கமாட்டீங்க. உங்க சட்டப்படி ஒவ்வொரு குழாயோடயும் ஒரு சீட்டு இருக்கு. எப்படிப் பண்ணேன், எவ்வளவு நேரம் ஆச்சு, கடைசியா ஜெல்லுல ஓட்டிப் பாத்ததுல எப்படி இருந்தது, எல்லாம் எழுதியிருக்கேன். ‘சுத்தம்’னு போட்டு கீழ என் கையெழுத்து. சீட்டுல அடங்காததைத்தான் இப்படி எழுதி ஐஸ் மேல வைக்கறேன். போன்ல உங்ககிட்ட பேச முடியுதா? அண்ணன் பிடுங்கிக்கிறான். பிடுங்கி என்னதான் பேசறான்? ‘சாப்பிட்டியா’, ‘ம்’, ‘அப்புறம்’. இதுக்கு ஒரு மணி நேரம்!

உங்க போன கடிதத்தை வந்த அன்னிக்கே, வேலை நடுவுல நின்னுக்கிட்டே படிச்சிட்டேன். மூணு பக்கம்! நம்ம நொதிக்கு நீங்க வச்சிருக்கற பேரைப் பாத்துட்டு நான் தனியா சிரிச்சதுல பக்கத்து ரூம் ஆளு எட்டிப் பாத்துட்டுப் போனார். மாமியாராம்! அண்ணி, உங்க மாமியார் எங்க அம்மா, ஞாபகம் இருக்கா? ‘சும்மா இருக்கறப்போ அசையாம கிடக்கும், எங்கயாவது ஏதாவது உடைஞ்சாப் போதும், அந்த இடத்துல போய் உக்காந்துக்கிட்டு ஊரையே கூப்பிடும்’னு எழுதியிருக்கீங்க. நேத்து கண்ணாடி டம்ளர் கீழ விழுந்தப்போ அம்மாவைப் பாத்தேன். ஒரு வார்த்தை தப்பில்ல.

நம்ம கட்டடத்து லிஃப்ட் மறுபடியும் நின்னுபோச்சு. ஊர் லிஃப்டையெல்லாம் சரி பண்றவன் வீட்டுல இருந்துக்கிட்டு நாங்க நாலு மாடி ஏறிட்டிருக்கோம். அண்ணனைக் கேட்டா, ‘இது வேற கம்பெனி லிஃப்ட், நான் கை வைக்கக்கூடாது’ங்கறான்.

நீங்க அந்த ஊர் லேப்புக்குப் போய் மூணு மாசம் ஆச்சு. இன்னும் நாலு மாசம்தான். வீட்டுல உங்களை மாதிரி யாருமே என்னைத் திட்டறதில்ல, எனக்கு ஒரு மாதிரி இருக்கு.

உங்க வாலு


பிப்ரவரி 5

வாலு,

குழாயை ஃப்ரீசர்ல வச்சிட்டுத்தான் படிச்சேன். நீ திட்டு கேட்டிருக்கறதால முதல்ல திட்டிடறேன். வேலை நடுவுல கடிதம் படிக்காதே. சரி, முடிஞ்சுது.

இப்போ விஷயத்துக்கு வரேன். நீ உக்காந்துதான் படிக்கணும்.

நம்ம மாமியாரைப் பத்தி இத்தனை வருஷமா எல்லாரும் சொல்றது இதுதான். முழுசா இருக்கற டிஎன்ஏ மேல அது வந்து உக்காரும், நகரும், ஆனா வேலை செய்யாது. அதோட வாயை ஒரு தாழ்ப்பாள் மூடியிருக்கு. டிஎன்ஏ இழை எங்கயாவது அறுந்திருந்தா, விரல் மாதிரி இருக்கற பாகங்க அந்த முனையைப் பிடிச்சுக்கும். ஒண்ணு பிடிச்சதும் அடுத்தது வந்து ஒட்டும், அதுமேல இன்னொண்ணு. எல்லாம் ஒண்ணா நெருங்கினதும் தாழ்ப்பாள் இளகிடும். வாய் திறந்துடும். அப்புறம் மணி மணியா சரம் கோக்க ஆரம்பிக்கும், அதுவும் தன் மேலயே. அந்தச் சரத்தைப் பாத்துத்தான் பழுது பாக்கறவங்க ஓடி வருவாங்க. சரம் பாரமானதும் இது பிடியை விட்டுட்டு விலகிடும். ஆக, உடைசல் இல்லாம அது வாயைத் திறக்காது. இது எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு.

உன் முழு வளையத்தோட சேர்த்துப் பாத்தேன். வாயைத் திறக்குது! அறுந்த டிஎன்ஏவுக்கு எவ்வளவு வேகமோ அதுல கால் பங்கு. ஆறு தடவை செஞ்சேன், ஆறு தடவையும் அதேதான். போன வருஷம் நீ கொடுத்த வளையத்துல இது தெரியல. அப்போ இருந்த நொதி பழசு, இப்போ நானே புதுசா பிரிச்செடுத்தது. அதனாலதான்னு நினைக்கறேன். இங்க லேப் தலைவரா இருக்கற பெரியவர் என் மேஜைக்கே வந்து பாத்துட்டுப் போனார். மூணு மாசத்துல அவர் என் பேரைச் சரியா சொன்னது அன்னிக்குத்தான்.

இன்னொண்ணு. இங்க ஒரு நிரந்தர வேலை காலியா இருக்கு. மார்ச் 27-ம் தேதி தேர்வுக் குழு முன்னால பேசணும். இந்த முடிவோட போனா கிடைச்சுடும்னு பெரியவர் சொல்றார். எனக்கு நாப்பத்தொண்ணு ஆகுது. பதினாலு வருஷமா ஒவ்வொரு வருஷமும் ‘இன்னும் ஒரு வருஷம் நீட்டிச்சிருக்கோம்’னு காகிதம் வாங்கி வாங்கி அலுத்துப்போச்சு. கிடைச்சா உங்க அண்ணனும் இங்க வந்துடலாம், இங்க லிஃப்டுக்குப் பஞ்சமில்ல. அவருக்கே இன்னும் சொல்லல. உனக்குத்தான் முதல்ல சொல்லணும்னு தோணுச்சு. அத்தைகிட்ட இப்போதைக்கு மூச்சு விடாதே.

அண்ணி


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணி,

ஐயோ அண்ணி! நான் மூச்சே விடல. அம்மாவே கண்ணாடியைப் போட்டுக்கிட்டு என் பையிலேருந்து எடுத்துப் படிச்சிட்டாங்க.

நீங்க ஊரைவிட்டே போறதைப் பத்திக் கேப்பாங்கன்னு பயந்துக்கிட்டு நிக்கறேன். அவங்க கேட்டது அதில்ல. ‘யாரு மாமியாரு? எந்த மாமியாரு? அது என்ன பண்ணுது?’ சமாளிக்கவே முடியல, எல்லாத்தையும் சொல்லிட்டேன். உடைசலைக் கண்டா வாயைத் திறக்கும்மா, ஆனா இப்போ அது உடைசலே இல்லாம வாயைத் திறக்குதுன்னு அண்ணி கண்டுபிடிச்சிருக்காங்கன்னு சொன்னேன். அம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தாங்க. ‘நான் என்னிக்காவது ஒண்ணும் இல்லாம கத்தியிருக்கேனா? ஏதோ உடைஞ்சிருக்கும். ஒளிச்சு வச்சிருப்பீங்க. போய் ஒழுங்கா தேடச் சொல்லு உங்க அண்ணியை’ன்னாங்க. அண்ணன் சிரிச்ச சிரிப்புல புரை ஏறிப்போச்சு. நானும் சிரிச்சேன்.

வேலை கிடைக்கணும் அண்ணி. நிஜமாத்தான் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் இல்லாத வீட்டை நினைச்சுப் பாக்கவே பிடிக்கல, அது வேற விஷயம். பதினாலு வருஷம் நீங்க பட்ட பாட்டைப் பக்கத்து மேஜையில இருந்து பாத்தவ நான்.

அந்தப் பன்னிரண்டு குழாய்ல இன்னும் எத்தனை பிரிக்காம இருக்கு? சும்மாதான் கேக்கறேன்.

வாலு


பிப்ரவரி 18

அண்ணி,

பெட்டி போக இன்னும் எட்டு நாள் இருக்கு. அதுவரைக்கும் தாங்காது, அதனால தபால்ல போடறேன்.

நான் சும்மா கேக்கல. அம்மா சொன்னதுல சிரிச்சிட்டுப் போய்ப் படுத்தேன், தூக்கம் வரல. ஒளிச்சு வச்சது நான்தான்.

அந்தக் குழாய்களைப் பண்ண அன்னிக்கு இருட்டு ரூம்ல முகமூடி போட்டுக்கிட்டு, டிஎன்ஏவை ஓட்டிப் பிரிச்ச ஜெல்லைப் புற ஊதா விளக்கு மேஜையில வச்சேன். வளையம் நிக்கற கோட்டை வெட்டி எடுக்கணும், பத்து செகண்ட் வேலை. அதுக்கு மேல வச்சா அந்த வெளிச்சமே டிஎன்ஏவை அறுத்துடும், நம்ம லேப்ல கூட்டறவங்களுக்குக்கூட இது தெரியும். பிளேடை எடுக்கக் கோட் பையில கையை விட்டேன், உங்க கடிதம் வந்துது. காலையில பெட்டியில வந்தது, பிரிக்கக்கூட நேரமில்லாம வச்சிருந்தேன். அந்த வெளிச்சத்துல காகிதம் நீலமா மின்னுச்சு அண்ணி. உங்க எழுத்து ஒவ்வொண்ணும் கறுப்பா, பளிச்னு நின்னுது. ஒரு வரி பாத்துட்டு வச்சுடலாம்னுதான் ஆரம்பிச்சேன். மூணாவது பக்கம் முடிச்சிட்டுத்தான் தலையை நிமித்தினேன். ஜெல் அதுபாட்டுக்கு விளக்கு மேல கிடந்துது.

அதைவிடப் பெரிய தப்பு அதுக்கப்புறம். கடைசியா கொஞ்சம் எடுத்து ஜெல்லுல ஓட்டிப் பாத்தப்போ மேல மங்கலா ஒரு கோடு இருந்துது. அறுந்த வளையம் மெதுவாத்தான் ஓடும், மேலயே நிக்கும். எனக்குத் தெரியாதா? ‘எப்பவும் இருக்கற கோடுதானே’ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். திரும்பப் பண்ணா நாலு நாள் ஆகும், பெட்டி போற நாள் வந்துடுச்சு, நீங்க அங்க காத்துக்கிட்டிருப்பீங்க. ‘சுத்தம்’னு எழுதிட்டேன்.

நாலு நாளா இதை எழுதாம இருந்ததுக்குக் காரணம் பயம் மட்டுமில்ல. இதைச் சொன்னா உங்களுக்கு அந்த வேலை போயிடும், நீங்க இங்கயே வந்துடுவீங்க. நீங்க வரணும்னு தினமும் புலம்பறவ நான். என் வாயிலேருந்து இது வந்தா யாரு நம்புவா?

வாலு


பிப்ரவரி 26

கடிதம் கிடைச்சுது.

இந்த முடிவை வச்சு நான் எழுதின கட்டுரை தேர்வுக் குழுவுக்குப் போய் ஒரு வாரம் ஆகுது. பெரியவர் நாலு இடத்துல பேசிட்டார்.

நீயே எழுதிட்டதால நானும் கேட்டுடறேன். மங்கலா ஒரு கோடு. அது ஆறு வாரம் கழிச்சு ஞாபகம் வருது. அதுவும் நான் இங்கயே தங்கப்போறேன்னு எழுதினதுக்கப்புறம். நிஜமாவே பாத்தியா, இல்ல நான் வரணும்னு நினைச்சு நினைச்சுப் பாத்த மாதிரி தோணுதா?

இனிமே பெட்டியில சீட்டு மட்டும் வை. போதும்.


மார்ச் 4

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

சீட்டு மட்டும்னு சொன்னீங்க. இது சீட்டு.

குழாய் ரெண்டு. ஒண்ணுக்குச் சிவப்பு மூடி, ஒண்ணுக்கு மஞ்சள் மூடி. ரெண்டும் ஒரே நாள், ஒரே பாக்டீரியா, ஒரே கை. ஜெல்லும் வேணாம் விளக்கும் வேணாம்னு வேற வழியில பிரிச்செடுத்த வளையம். ரெண்டுலயும் அன்னிக்கு மாதிரியே, விளக்குல டிஎன்ஏ கண்ணுக்குத் தெரியறதுக்குப் போடற சாயத்தைக் கலந்தேன். ஒண்ணை இருட்டுலயே வச்சுட்டேன். இன்னொண்ணை விளக்கு மேல வச்சுட்டு, அதே இடத்துல நின்னு, அதே கடிதத்தை, அதே மூணு பக்கத்தை ஒரு தடவை படிச்சேன். நாலு நிமிஷம் பத்து செகண்ட். இந்தத் தடவை சிரிப்பு வரல, அதனால கொஞ்சம் சீக்கிரமா முடிஞ்சிருக்கலாம். அப்புறம் ரெண்டுலேருந்தும் சாயத்தை எடுத்துட்டேன்.

எது எதுன்னு எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, அண்ணன்கிட்ட கொடுத்திருக்கேன். நீங்க முடிவைச் சொன்னதுக்கப்புறம் அவன் பிரிச்சுப் படிப்பான். முன்னாடியே பிரிச்சுப் பாத்தாலும் ஒண்ணும் ஆகாது, ஜெல்லுன்னா தலைமுடிக்குத் தடவறதுன்னு நினைச்சிட்டிருக்கறவன்.

நான் சொல்றதை நம்ப வேணாம். குழாயைப் பாருங்க.

கையெழுத்து: உங்க நாத்தனார்


மார்ச் 12

வாலு,

மஞ்சள்.

மஞ்சள் மூடிக் குழாயில மாமியார் வாயைத் திறந்தாச்சு. சிவப்பு மூடிக் குழாயில அசையவே இல்ல, மூணு மணி நேரம் உக்காந்து பாத்தேன். உங்க அண்ணன்கிட்ட போன்ல சொன்னேன். கவரைப் பிரிச்சார். ‘விளக்கு காட்டினது மஞ்சள்’னு படிச்சார். அப்புறம் அவர் ‘சாப்பிட்டியா’ன்னார். எனக்கு அழுகை வந்துடுச்சு. ஒரு மணி நேரம் அவர் என்னத்தைப் பேசறார்னு நீ கேலி பண்ணியே, அதுக்குப் பதில் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

உன் பழைய குழாயையும் ஓட்டிப் பாத்தேன். மங்கலான கோடுன்னா எழுதின? கண்ணுல குத்தற மாதிரி நிக்குது! உன்மேல கோபம் இருக்கு, இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கும், நீ பொறுத்துக்கணும். ஆனா என்மேல இருக்கறது அதைவிட அதிகம். குழாய் வந்த அன்னிக்கே நான் ஓட்டிப் பாத்திருக்கணும். யாரு அனுப்பினாலும் பாப்பேன். உன் கையெழுத்து இருந்ததால பாக்கல. அந்தக் கண்டுபிடிப்பு எனக்கு வேணும்னு இருந்ததாலயும் பாக்கல.

மூணு பக்கம் எழுதினதும் நான்தான். அதுல ஒரு பக்கம் முழுக்க என் வீட்டுக்காரம்மா குளியலறைக் குழாயை முறுக்கற விதத்தைப் பத்தி.

உன்னைக் கேட்டேனே ஒரு கேள்வி. அதைக் கேட்டிருக்கக் கூடாதுடி. தபால்ல போட்ட நிமிஷமே தெரிஞ்சுது. திரும்ப எடுக்க முடியல. மன்னிச்சிடு.

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். பெரியவர் இப்போ மறுபடியும் என் பேரைத் தப்பாச் சொல்றார். டிஎன்ஏ யார் பண்ணதுன்னு கேட்டார். எங்க வீட்டுலன்னு சொன்னேன். அவருக்கு ஒண்ணும் புரியல.

27-ம் தேதி வெறுங்கையோடதான் போகணும். வராம இருந்துடுன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. போகத்தான் போறேன். நம்ம ரெண்டு மூடியையும் எடுத்துட்டுப் போறேன்.

அண்ணி


மார்ச் 30

வாலு,

எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ.

தேர்வுக் குழுவுல ஏழு பேர் உக்காந்திருந்தாங்க. நான் கண்டுபிடிச்சேன்னு சொன்னது தப்பு, ஏன் தப்புன்னு சொல்ல வந்திருக்கேன்னு ஆரம்பிச்சேன். விளக்கைச் சொன்னேன், கடிதத்தைச் சொன்னேன், நாலு நிமிஷம் பத்து செகண்டைச் சொன்னேன். சிரிச்சாங்க. அதுல ஒரு அம்மா மட்டும் சிரிக்கல. ‘நூத்துக்கு எத்தனை வளையம் அறுந்திருந்தது?’ன்னாங்க. எண்ணி வச்சிருந்தேன், நூத்துக்கு ஆறு. ‘ஆறே ஆறு. அதுவும் ரெண்டு இழையில ஒரு இழை அறுந்ததுக்கா இவ்வளவு கூப்பாடு?’ன்னாங்க. ஆமான்னேன். அந்தம்மா தன் பக்கத்துல இருந்தவரைப் பாத்து, ‘நாம வாங்கி வச்சிருக்கற முழு வளையத்தையெல்லாம் யாராவது ஓட்டிப் பாத்தீங்களா?’ன்னாங்க. அதுக்கப்புறம் என்னை விட்டுட்டு அவங்களுக்குள்ளயே சண்டை.

நேத்து காகிதம் வந்துது. நாலு ஓட்டு, மூணு ஓட்டு. ஒரே ஒரு ஓட்டுல வேலையை எனக்குக் கொடுத்திருக்காங்க. நிரந்தரம்.

சந்தோஷமா இருக்கணும், இல்லியா? ரூம்ல தனியா உக்காந்து அந்தக் காகிதத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். உங்க அண்ணன் ‘உன் இஷ்டம்’ங்கறார், அவர் எதுக்குத்தான் அப்படிச் சொல்லல. அத்தை, ‘போய் வேலையில சேரு, ஆனா நான் இந்த வீட்டைவிட்டு அசையமாட்டேன், என் பொண்ணோடதான் இருப்பேன்’னுட்டாங்க. அப்போ வீடு, அத்தை, நாலு மாடி, எல்லாம் உன் ஒருத்தி தலையில. ஏப்ரல் 15-க்குள்ள பதில் சொல்லணும்.

நீ சொல்லு. வேணாம்னா வேணாம்னு எழுது, பழைய மேஜைக்கே வந்துடறேன். அதுக்காக உன்னை ஒரு நாளும் குத்திக்காட்டமாட்டேன். இந்தத் தடவை நீ என்ன எழுதினாலும் அப்படியே நம்பறேன்.

அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணி,

வேலையை எடுத்துக்கோங்க.

இந்த ரெண்டு வார்த்தையை எழுத மூணு நாள் ஆச்சு. முதல் காகிதத்துல ‘வந்துடுங்க’ன்னு எழுதினேன். கிழிச்சுப் போட்டேன். ரெண்டாவதுலயும் அதையேதான் எழுதினேன், கொஞ்சம் நாசூக்கா. அதையும் கிழிச்சேன்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க அன்னிக்குச் சந்தேகப்பட்டுக் கேட்டப்போ எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்ல. ராத்திரி சாப்பிடல, அம்மாகிட்ட எரிஞ்சு விழுந்தேன். ஏன் அவ்வளவு கோபம்னு இப்போதான் புரியுது. நீங்க கேட்டதுல பாதி சரி. கோடு இருந்தது நிஜம், அதை நான் பாத்தது நிஜம். ஆனா அந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில போட்டப்போ, ‘இனிமே அண்ணி வந்துடுவாங்க’ன்னு மனசுக்குள்ள ஒரு சந்தோஷம் எட்டிப் பாத்துச்சு பாருங்க, அதுவும் நிஜம். உங்க வேலை போகப்போகுது, எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கு! என்ன பொண்ணு நான்! வீடு வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தேன், பாதி அந்த வெக்கத்துலதான்.

இப்போ பாருங்க, உண்மையைச் சொன்னா வருவீங்கன்னு நினைச்சேன், உண்மையைச் சொன்னதாலயே நீங்க போறீங்க. அம்மாகிட்ட சொன்னேன். ‘நல்லா வேணும் உனக்கு’ன்னாங்க. சொல்லிட்டு என் தலையைப் பிடிச்சு மடியில வச்சுக்கிட்டாங்க.

என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க. ‘அம்மாவை நான் பாத்துக்கறேன்’னு எழுதலாம்னு பாத்தா, ‘யாரு யாரைப் பாத்துக்கறது? இவளைப் பாத்துக்கத்தான் நான் இங்க இருக்கேன்’னு பின்னால நின்னு கத்தறாங்க. உங்களுக்குக் கேட்டிருக்கும். லேப்ல உங்க மேஜைக்கு அடுத்த வாரம் ஒருத்தர் வரார். இருட்டு ரூமுக்குள்ள போறவங்க பையைக் காலி பண்ணிட்டுத்தான் போகணும்னு கதவுல எழுதி ஒட்டிட்டேன். முதல்ல மாட்டிக்கிட்டது நான்தான்.

அண்ணன் நேத்தே சாமான் கட்ட ஆரம்பிச்சிட்டான். அட்டைப் பெட்டியா வாங்கிக் குவிச்சிருக்கான், நடக்க வழியில்ல. உங்க அலமாரியைத் திறந்தான். நான் போய் மூடிட்டேன். அவன் மறுபடியும் திறந்தான், நான் முதுகைக் கொடுத்துக்கிட்டு நின்னேன். அதை மட்டும் யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். அவனுக்கு எதை எப்படி மடிக்கறதுன்னு தெரியாது. எனக்குத் தெரியும், ஆனா நான் மடிக்கமாட்டேன்.

நீங்களே வந்து எடுத்து வைங்க. ரெண்டு நாள் லீவு கேளுங்க, புது ஆளுக்கு ரெண்டு நாள் கொடுக்கமாட்டாங்களா? ரெண்டு நாள் போதும் அண்ணி. மூணு நாள் கொடுத்தா வேணாம்னு சொல்லிடாதீங்க.

வாலு